தேதி முடிந்த பின்னும் ஓடும் மென்பொருள்

2024 ஜூன் 30-இல் சென்டோஸ் 7. 2025 ஜனவரி 5-இல் ட்ரூபல் 7. அதே ஆண்டு மே மாத இறுதியில் உபுண்டு 20.04-இன் இலவசப் பொது ஆதரவு. டிசம்பர் 31-இல் பி.எச்.பி. 8.1. பரவலாகப் புழங்கிய நான்கு திறந்த மூல மென்பொருள் பதிப்புகளுக்கு ஒன்றரை ஆண்டுக்குள் அடுத்தடுத்து ஆயுள் முடிந்தது. இவற்றில் இரண்டு சர்வரை இயக்குபவை. ஒன்று இணையத்தளத்தை நடத்துவது. மற்றொன்று, வேர்ட்பிரஸ் முதல் ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் படிவம் வரை பலவற்றுக்கும் அடியில் ஓடும் நிரல்மொழி.

இந்தத் தேதிகளின் மறுநாள் காலையில் எந்த சர்வரும் இதனால் நின்றுவிடவில்லை. பிரிக்பீல்ட்சில் ஒரு துணிக்கடை பழைய பி.எச்.பி.யில் இணைய விற்பனை நடத்திக்கொண்டிருந்தால், அன்றும் ஆர்டர் வந்திருக்கும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு நகைக்கடையின் வாடிக்கையாளர் பட்டியல் சென்டோஸ் 7 சர்வரில் இருந்தால், அது இன்றும் திறக்கும். வேகம் குறையாது. வாடிக்கையாளரின் திரையில் எச்சரிக்கைப் பெட்டி வராது. ஹோஸ்டிங் கட்டணத்துக்கான ரசீது மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் வரும்.

காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் என்றால் விற்ற நிறுவனம் கடிதம் போடும், ஏஜெண்டு போனில் அழைப்பார், புதியதை விற்கும் ஆசையிலாவது யாரேனும் கதவைத் தட்டுவார். திறந்த மூல மென்பொருளுக்கு விற்றவர் என்று ஒருவர் இல்லை. யார் இறக்கிப் பயன்படுத்துகிறார்கள் என்ற பட்டியலும் பெரும்பாலும் அதை எழுதியவர்களிடம் இல்லை. ஆதரவு முடியும் தேதியை ஆண்டுகளுக்கு முன்பே உலகறிய அறிவித்துவிடுகிறார்கள். அந்தத் தேதியைப் பார்த்துச் செயல்பட வேண்டியவர் யார் என்பதை எவரும் எங்கும் எழுதிவைப்பதில்லை. ஆபத்து இந்த இடைவெளியில் இருக்கிறது.

ஆதரவு என்பது யாருடைய உழைப்பு

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பி.எச்.பி. ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் எல்லா வகைத் திருத்தமும் கிடைக்கும். அதன்பின் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். இந்தப் பிற்பகுதி முன்பு ஓராண்டாக இருந்தது, 2024-இல் இரண்டாண்டாக நீட்டப்பட்டது. ஆக மொத்தம் நான்கு ஆண்டுகள். பைத்தான் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள். டெபியனுக்கு மூன்றாண்டு, அதன்மேல் நீண்டகால ஆதரவுக் குழு தரும் இரண்டாண்டு. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு இலவசமாக ஐந்தாண்டு, சந்தா செலுத்தினால் பத்தாண்டும் அதற்கு மேலும். வேர்ட்பிரஸ் இன்னும் கறாரானது. கடைசியாக வந்த பதிப்புக்கு மட்டுமே அதிகாரபூர்வ ஆதரவு என்பது அதன் விதி. பழைய பதிப்புகளுக்கும் மரியாதைக்காகத் திருத்தம் தந்துவந்தார்கள். 3.7 முதல் 4.0 வரையிலானவற்றுக்கு 2022 டிசம்பர் 1-ஆம் தேதியோடு அதையும் நிறுத்தினார்கள்.

இவ்வளவு குறுகிய ஆயுள் எதற்கு என்று கேட்கலாம். ஓர் ஓட்டை தெரியவந்தால், ஆதரவில் உள்ள ஒவ்வொரு பதிப்பிலும் அதைத் தனித்தனியாக அடைக்க வேண்டும், தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பத்தாண்டுக்கு முந்தைய நிரலைத் திறந்து, அன்றைய நோக்கம் கெடாமல் ஒரு வரியை மாற்றுவது புதிதாக எழுதுவதைவிடக் கடினம். அந்த வேலையைச் செய்பவர்களில் பலர் சம்பளம் இல்லாதவர்கள். 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் வெளிப்பட்டது. உலகின் பெரும்பகுதிப் பாதுகாப்பான இணைய இணைப்புகள் அந்த நூலகத்தை நம்பியிருந்தன. அதுவரை அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர்தான் என்பது அதன்பிறகே பலருக்குத் தெரிந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலிலும் இதே சுமை. நீண்டகாலப் பதிப்புகளுக்குத் தந்துவந்த ஆறாண்டு ஆதரவை இரண்டாண்டாகக் குறைக்கப்போவதாக 2023-இல் சொன்னார்கள். பராமரிப்பவர்கள் களைத்துப்போனதும், மிகப் பழைய பதிப்புகளைப் பயன்படுத்துவோர் குறைந்ததும் அதற்குக் காரணம்.

ஆகவே ஆயுள் முடிவை அறிவிப்பது துரோகம் அல்ல. திறந்த மூல உரிமங்களை யாரும் படிப்பதில்லை. படித்தால் ஜி.பி.எல்., எம்.ஐ.டி., அப்பாச்சி மூன்றிலும் ஒரே கருத்து இருப்பது தெரியும்: இருப்பது இருந்தபடி தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை. அதை ஏற்றுக்கொண்டுதான் நாம் பயன்படுத்துகிறோம்.

முடிந்த தேதிக்குப் பிறகு

ஆதரவு முடிந்தால் திருத்தம் வராது, அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. நிலைமை அதைவிட மோசம்.

புதிய பதிப்புக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியாகும்போது, எந்தக் கோப்பில் எந்த வரி மாறியது என்பதை எவரும் பார்க்கலாம். திறந்த மூலம் என்பதன் பொருளே அதுதான். புதிய பதிப்பில் இருந்த ஓட்டை, அதே நிரலைச் சுமந்துவரும் பழைய பதிப்பிலும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆதரவில் உள்ளவருக்கு மருந்தாக வரும் திருத்தமே, ஆதரவு முடிந்தவரின் தளத்தில் நுழைய நினைப்பவனுக்கு வரைபடமாகிவிடுகிறது. கூடவே இன்னொரு மயக்கம்: ஆதரவு முடிந்த பதிப்பின் பெயர் பாதுகாப்பு அறிக்கைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. ஆராய்ந்து பார்க்க ஆளில்லாததால் ஏற்பட்ட மௌனம், பழைய பதிப்புக்குப் பாதிப்பில்லை என்ற சான்றிதழைப் போலத் தோற்றமளிக்கிறது.

ட்ரூபலின் வரலாறு இதற்குத் தெளிவான பாடம். 2014 அக்டோபர் 15-இல் ட்ரூபல் 7-இல் ஒரு கடுமையான ஓட்டையை அறிவித்துத் திருத்தமும் தந்தார்கள். இரண்டு வாரம் கழித்து ட்ரூபலின் பாதுகாப்புக் குழு இன்னோர் அறிவிப்பு வெளியிட்டது. முதல் அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத ஒவ்வொரு தளமும் ஊடுருவப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது அது. அன்று ட்ரூபல் 7 முழு ஆதரவில் இருந்த பதிப்பு. 2018 மார்ச் 28-இல் அடுத்த பெரிய ஓட்டை. இந்த முறை 7, 8 ஆகியவற்றோடு, 2016 பிப்ரவரியிலேயே ஆதரவு முடிந்திருந்த ட்ரூபல் 6-உம் பாதிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தாக்கும் முறை பொதுவெளியில் வந்தது, சில மணி நேரத்தில் தாக்குதல்கள் தொடங்கின. ஆதரவில் இருந்தவர்களுக்கே அவகாசம் மணிக்கணக்கில்தான் என்றால், திருத்தமே வராதவர்களுக்கு அவகாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது மெஜெண்டோவின் கதை. இணையக் கடை நடத்த உதவும் திறந்த மூல மென்பொருள் அது. அதன் முதல் தலைமுறைக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 ஜூன் 30-இல் முடித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் இரண்டாம் வார இறுதியில், நான்கே நாளில், கிட்டத்தட்ட 2,000 மெஜெண்டோ கடைகள் ஊடுருவப்பட்டன. வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் கார்டு எண்ணை ஒற்றுப்பார்க்கும் நிரல் அவற்றில் புகுத்தப்பட்டது. பெரும்பாலானவை முதல் தலைமுறைப் பதிப்பில் ஓடியவை. இதைக் கண்டறிந்த சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இன்னொரு தகவலையும் சொன்னது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, மெஜெண்டோ 1-ஐ உடைக்கும் முறையை ஒருவர் 5,000 டாலருக்கு விற்பனைக்கு வைத்திருந்தார். அதன் ஆயுள் முடிந்துவிட்டது, ஆகவே அடோபி இனித் திருத்தம் தராது என்பதை அவர் தம் சரக்கின் சிறப்பாகச் சொல்லியிருந்தார். நாம் பார்க்காமல் விட்ட தேதியைத் திருடன் விளம்பரத்தில் போட்டிருந்தான்.

ஒன்று முடிந்தால் அடுத்ததும் முடியும்

ஒரு தளம் ஒரே மென்பொருள் அல்ல. கீழே இயங்குதளம், அதன்மேல் வெப் சர்வர், தரவுத்தளம், நிரல்மொழி, அதற்கும் மேல் வேர்ட்பிரஸ் போன்ற தள மேலாண்மை, அதில் செருகிய பிளகின்கள், தீம். ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி முடிவுத் தேதி. ஒன்றின் தேதி மற்றொன்றையும் இழுக்கும். நிரல்களை ஓட்டும் மென்பொருளான நோட்.ஜேஎஸ் 16-இன் ஆதரவு 2024 ஏப்ரல் வரை என்று முதலில் திட்டமிட்டிருந்தார்கள். அது சார்ந்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு 2023 செப்டம்பர் 11-இல் ஆயுள் முடிவதால், நோட்.ஜேஎஸ் 16-ஐயும் அதே நாளில் முடித்துக்கொண்டார்கள். ஏழு மாத ஆதரவு அடித்தளத்தின் காரணமாகப் பறிபோனது.

தேதி இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பிவிடவும் முடியாது. சென்டோஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று சொல்லப்பட்டிருந்தது. 2020 டிசம்பர் 8-இல், சென்டோஸ் திட்டத்தின் பின்னால் இருந்த ரெட் ஹேட் நிறுவனம் அதை 2021 டிசம்பர் 31-ஆக மாற்றியது. எட்டு ஆண்டுக்கு மேல் மிச்சமிருந்த ஆயுள் ஓராண்டாகச் சுருங்கியது. பழைய 7-ஆம் பதிப்புக்கோ 2024 வரை ஆதரவு தொடர்ந்தது. புதியதுக்கு மாறியவர் முந்திச் சிக்கிக்கொண்டார். சென்டோசைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கிரிகரி குர்ட்சர் ராக்கி லினக்சைத் தொடங்கினார். கிளவுட்லினக்ஸ் நிறுவனம் அல்மாலினக்சைக் கொண்டுவந்தது. இரண்டும் 2021-இல் பயன்பாட்டுக்கு வந்ததால் பலர் தப்பினார்கள். திறந்த மூலத்தின் பலமும் இங்கேதான் தெரிகிறது: ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் எடுத்து நடத்தலாம். ஆனால் மாறுவதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், நேரம் வேண்டும்.

திருட்டே நடக்காவிட்டாலும் பழைய மென்பொருள் ஒருநாள் வழக்கமான வேலையில் சறுக்கும். 2021 செப்டம்பர் 30-இல், தளங்களின் பாதுகாப்பான இணைப்புக்கு உதவும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2-இல் ஓடிய பல சர்வர்களால் அன்றுமுதல் பிற தளங்களோடு இணைய முடியவில்லை. தளம் திறக்கும், ஆனால் அதிலிருந்து வெளியே போக வேண்டிய தகவல் போகாது. கட்டணம் வசூலிக்கும் கேட்வே, எஸ்.எம்.எஸ். சேவை, இப்போது வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் என்று வெளித்தொடர்பை நம்பியிருக்கும் வணிகத்துக்கு இது கல்லாவைத் தொடும் செய்தி.

மலேசியா எங்கே நிற்கிறது

திறந்த மூலம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை 2004-இல் மாம்பு என்ற அரசுப் பிரிவு தொடங்கியது. அதற்கெனத் திறன் மையம் ஒன்றும் அமைத்தது. திட்டம் மூன்று கட்டமாக வகுக்கப்பட்டது: அடித்தளமிட்டுத் தொடக்கநிலைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது, பயன்பாட்டை விரைவுபடுத்துவது, தற்சார்பு அடைவது. உரிமக் கட்டணம் மிச்சமாகும், ஒரே விற்பனையாளரிடம் சிக்காமல் இருக்கலாம் என்ற கணக்கு சரியானதுதான். மாம்புவின் பொறுப்புகள் இன்று டிஜிட்டல் அமைச்சின் கீழுள்ள தேசிய டிஜிட்டல் துறையிடம் இருக்கின்றன.

மூன்றாம் கட்டத்தின் பெயரான தற்சார்பு என்பதில்தான் மொத்தச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. பயன்படுத்தத் தொடங்குவதை எண்ணிக் காட்டலாம்: இத்தனை சர்வர், இத்தனை அலுவலகம். தற்சார்பு அப்படி எண்ணிக்கையில் அகப்படாது. எந்தப் பதிப்பு எந்த சர்வரில் ஓடுகிறது, அதன் தேதி என்ன, அடுத்த பதிப்புக்கு யார் மாற்றுவார், அதற்கு இந்த ஆண்டு பட்ஜெட்டில் எவ்வளவு என்பதற்கெல்லாம் பதில் வைத்திருப்பதே தற்சார்பு. உரிமத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்காத எந்த அமைப்பும், அரசானாலும் தனியாரானாலும், சேமிக்கவில்லை. செலவைத் தள்ளிப்போட்டிருக்கிறது.

சட்டம் இப்போது இறுகிவிட்டது. 2024-ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்ட் 26-இல் நடைமுறைக்கு வந்தது. வங்கி, சுகாதாரம், போக்குவரத்து, நீர், எரிசக்தி உட்பட 11 துறைகளின் முக்கியக் கணினிக் கட்டமைப்பை நடத்துவோர் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆபத்து மதிப்பீடும், இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும். சம்பவம் நடந்தது தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் முதல் தகவல் தர வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடையும் கிள்ளான் நகைக்கடையும் அந்தப் பட்டியலில் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தங்கள் 2025-இல் மூன்று கட்டமாக நடைமுறைக்கு வந்தன. தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் தண்டனையின் உச்சம் 3 லட்சம் ரிங்கிட் அபராதம், 2 ஆண்டுச் சிறை என்று முன்பு இருந்தது. ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரிங்கிட், 3 ஆண்டுச் சிறை. ஜூன் 1 முதல், தரவுக் கசிவு கடுமையான பாதிப்பை உண்டாக்கக்கூடியது என்றாலோ, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் தரவு கசிந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். கடுமையான பாதிப்பு நேரக்கூடும் என்றால், அதன்பின் 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். கூட்டரசு, மாநில அரசுகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. வணிக முறையில் வாடிக்கையாளர் தகவலை வைத்திருக்கும் சிறுகடையைக் கட்டுப்படுத்தும். தீபாவளிக் கழிவுக்காக வாட்ஸ்அப் எண் வாங்கிச் சேர்த்தாலே ஆயிரம் பெயர் தாண்டிவிடும். ஆயுள் முடிந்த மென்பொருளில் அந்தப் பட்டியலை வைத்திருந்து, தகுந்த பாதுகாப்பு எடுத்தேன் என்று வாதிடுவது எளிதாக இருக்காது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறுவணிகத்தின் தளம் உருவாகும் விதம் பலருக்கும் தெரியும். தெரிந்த பையன் ஒருவன் அல்லது சிறிய டிசைன் கடை ஒன்று செய்துகொடுக்கும். ஒருமுறை பணம். அதன்பின் டொமைனும் ஹோஸ்டிங்கும் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். பையன் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விடுவான். பாஸ்வேர்டு யாரிடம் என்று தெரியாது. ஹோஸ்டிங் நிறுவனம் தன் சர்வரைப் பார்த்துக்கொள்ளும், உங்கள் வேர்ட்பிரசையும் பிளகினையும் தொடாது. பழைய தளம் உடைந்தால் வாடிக்கையாளர் திட்டுவார் என்று பழைய பி.எச்.பி.யையும் சில நிறுவனங்கள் விட்டுவைக்கும். கடைக்காரர், தளம் செய்தவர், ஹோஸ்டிங் நிறுவனம் என மூவருமே தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்திருப்பார்கள். ஆதரவு முடியும் தேதியைப் பார்ப்பது மட்டும் அந்த மூன்று வேலைகளில் எதிலும் சேராது.

தமிழ்த் தளங்களுக்கு உள்ள கூடுதல் பயம்

புதுப்பிக்கத் தயங்குவோர் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். பயத்துக்கு நியாயமான காரணம் உண்டு. பி.எச்.பி. 7.0 2015 டிசம்பரில் வெளிவந்தபோது, தரவுத்தளத்தோடு பேசும் பழைய ‘மைஎஸ்க்யூஎல்’ கட்டளைகளை அடியோடு நீக்கினார்கள். அவற்றை நம்பிக் கையால் எழுதிய பழைய தளம் எதுவும் 7-க்கு மாற்றியதும் திறக்காது.

தமிழ்த் தளங்களுக்கு இதோடு இன்னொரு பயமும் சேர்கிறது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 8.0 பதிப்புக்கு முன்புவரை எழுத்துகளை ‘லத்தீன்-1’ என்ற ஐரோப்பிய முறையிலேயே இயல்பாக வைத்துக்கொண்டது. அதை மாற்றாமலே பலர் யூனிகோடு தமிழை உள்ளே தள்ளினார்கள். போட்ட வழியிலேயே எடுத்ததால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. உள்ளே அது தவறான பெயரில் கிடந்தது. 8.0-இல் இயல்பு யூனிகோடாக மாறியதும், முறையாக மாற்றாமல் நகர்த்திய தளங்களில் தமிழ் புரியாத குறிகளாகவும் கேள்விக்குறிகளாகவும் சிதறும். திருமண மண்டபத்தின் முன்பதிவு, கோயில் உபயப் பட்டியல், சங்க இதழின் பத்தாண்டுக் கட்டுரைகள் எல்லாம் இந்த ஆபத்தில் உள்ளவை. ஒருமுறை இப்படிச் சிதறியதைப் பார்த்த நிர்வாகி மறுபடி ‘அப்டேட்’ என்ற சொல்லையே காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

ஆனால் இது தீராத நோய் அல்ல. தரவுத்தளத்தின் நகலை எடுத்து, எந்த முறையில் எழுத்து கிடக்கிறது என்று பார்த்து, யூனிகோடுக்கு மாற்றி, தனி இடத்தில் சோதித்த பிறகு நகர்த்தினால் தமிழ் கெடாது. அனுபவம் உள்ளவருக்கு இது அறிந்த வேலை. தள்ளிப்போடப்போடச் செலவு கூடும், பழைய முறை தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே போவார்கள்.

எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

எச்சரிக்கை பீதியாக மாறக்கூடாது. பதிப்பு எண் பழையது என்பதாலேயே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. சென்டோஸ் 7-உடன் வந்த பி.எச்.பி.யின் பதிப்பு 5.4. அதை எழுதியவர்கள் 2015 செப்டம்பரிலேயே கைவிட்டார்கள். ஆனால் சென்டோசுக்கு மூலமான ரெட் ஹேட் தன் இயங்குதளத்தின் ஆயுள் முழுதும் முக்கியப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய எண்ணுக்குள்ளேயே பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்த்தது. எழுதியவரின் ஆதரவு வேறு, விநியோகிப்பவரின் ஆதரவு வேறு. கேட்க வேண்டியது இந்தப் பதிப்புக்கு இன்று யார் திருத்தம் தருகிறார், எப்போதுவரை தருவார் என்பதைத்தான்.

உடனே மாற முடியாதவர்களுக்குக் கட்டண வழிகளும் உண்டு. உபுண்டு ப்ரோ சந்தா தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ஐந்து கணினிவரை இலவசம். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-க்கு 2028 வரை நீட்டித்த ஆதரவைக் காசு கொடுத்துப் பெறலாம். சென்டோஸ் 7-க்கும் ட்ரூபல் 7-க்கும் தனியார் நிறுவனங்கள் திருத்தம் விற்கின்றன. இவை அவகாசத்தை வாங்கித் தரும், அந்த அவகாசத்தில் புதிய பதிப்புக்கு மாறிவிட வேண்டும். இணையத்தோடு இணைக்காமல் ஒரு மூலையில் ஓடும் பழைய கணினிக்கு ஆபத்து குறைவு. யூ.எஸ்.பி. செருகும் கை இருக்கும்வரை அதுவும் பூஜ்யம் அல்ல.

இந்தப் பொறுப்பை உற்பத்தியாளர் பக்கம் தள்ளும் முயற்சியும் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணைய மீள்திறன் சட்டம் 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாகப் பொருந்தும். டிஜிட்டல் பொருளை விற்பவர் அதன் ஆதரவுக் காலத்தை அறிவிக்க வேண்டும், பொதுவாக அது ஐந்தாண்டுக்குக் குறையக்கூடாது. ஆனால் அந்தச் சட்டமும் விற்பவரைத்தான் பிடிக்கிறது. இலவசமாக இறக்கி நாமே நிறுவிக்கொண்ட மென்பொருளுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில் பட்டியல். உங்கள் தளம் ஓடும் இயங்குதளம், பி.எச்.பி., தரவுத்தளம், தள மேலாண்மை மென்பொருள், ஒவ்வொரு பிளகின் ஆகியவற்றின் பெயரும் பதிப்பு எண்ணும் ஒரு தாளில் இருக்கட்டும். ஹோஸ்டிங் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. இரண்டாவது, ஒவ்வொன்றின் எதிரிலும் ஆதரவு முடியும் தேதி. அந்தந்தத் திட்டத்தின் தளத்திலேயே அது இருக்கும். மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு 2026 ஏப்ரல், டெபியன் 11-க்கு 2026 ஆகஸ்ட் 31, பி.எச்.பி. 8.2-க்கு 2026 டிசம்பர் 31. முடிவுக்கு ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவது, ஒப்பந்தம். தளம் செய்பவரிடம் “செய்துகொடுப்பது” மட்டும் பேசாதீர்கள். பாதுகாப்புத் திருத்தத்தை எத்தனை நாளில் போடுவார், பதிப்பு மாற்றத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு, கணக்கு விவரங்கள் யார் பெயரில் என்று எழுதி வாங்குங்கள். நான்காவது, நகல். வாரம் ஒருமுறையாவது வேறோர் இடத்துக்கு நகல் போக வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதிலிருந்து தளத்தை மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

ஐந்தாவது, குறைப்பது. முகவரியும் போன் எண்ணும் நாலு படமும் காட்டும் தளத்துக்குத் தரவுத்தளமே தேவையில்லை. அதை எளிய நிலையான பக்கங்களாக மாற்றிவிட்டால் முடிவுத் தேதிக் கவலையில் பெரும்பகுதி போய்விடும். பயன்படுத்தாத பிளகினை நிறுத்திவைத்தால் போதாது, அழியுங்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய போட்டிக்காக வாங்கிய அடையாள அட்டை எண்கள் இன்னும் கிடந்தால் அவற்றையும் அழியுங்கள். வைத்திராத தரவு கசியாது.

திறந்த மூல மென்பொருளை விட்டு ஓட வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஆதரவுத் தேதியைக் காசு வாங்காமல் இத்தனை வெளிப்படையாகச் சொல்லும் உலகம் வேறில்லை. உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த வாரமே மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன பதிப்பு ஓடுகிறது? எந்தத் தேதிவரை திருத்தம் வரும்? அதன்பின் மாற்றுவது யார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் பதிலாக வராவிட்டால், சட்டத்தின் பார்வையில் அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கும்.